கார் இறக்கியபின் டங் டங்: மென்மையான ஸ்பிரிங் போடலாமா?

ஒத்தியூர்வாசி: பழைய ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை. நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்று வெட்டி, 40 மி.மீ. போல இறக்கியிருக்கிறது. ஷாக் அப்சார்பர் பழையதுதான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளத்தில் இறங்கினால் முன்னால் டங்கென்று இடிக்கிறது. மணலிப் பக்கம் வளைவில் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மேடு வந்தால் வண்டியின் முகம் சட்டென்று வளைவுக்கு வெளியே ஓடும். ஸ்பிரிங் விறைத்துவிட்டது, மென்மையானதைப் போடு என்கிறார்கள். சரியா அண்ணே?

ராயபுரம் ஸ்பானர்: போட்டால் இன்னும் மோசமாகும் தம்பி. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் ரேட், அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பு, கூடுவது 20 சதவீதம்தான். ஆனால் பம்ப் ஸ்டாப்புக்கு (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கினால் முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) மேலே இருந்த இடத்தில் 40 மி.மீ. போய்விட்டதே! மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தில் அதே அடியை நிறுத்த இந்த 20 எங்கே போதும்? நீ கேட்கும் சத்தம் ஸ்பிரிங்குடையது இல்லை, பம்ப் ஸ்டாப்புடையது.

வளைவில் நடப்பதும் அதுதான். வெளிப்பக்க முன்சக்கரம் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அந்த மூலையின் ரேட் ஒரேயடியாக ஏறும். பாரம் முழுக்க அந்த டயர்மேல் விழும், பிடி விடும். போதாததற்கு, முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் இந்த ஸ்ட்ரட் வண்டிகளை இறக்கினால், ரோல் சென்டர் (வளைவில் உடம்பு எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாக இறங்கும். அதே ஸ்பிரிங்கில் உடம்பு இன்னும் சாயப் பார்க்கும்.

ஷாக் கம்பியின் ரப்பர் உறையைத் தூக்கி, கேபிள் டை ஒன்றை இறுக்கிக் கட்டி ஓட்டிப் பார். எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று சொல்.

பெரம்பூர் லோகோ: வெட்டிய ஸ்பிரிங்கே எனக்குப் பிடிக்காது. ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் கையால் ஆடுகிறதா பாருங்க. ஆடினால் பள்ளத்தில் ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு நழுவும். அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

ஒத்தியூர்வாசி: ஆடவில்லை. முன்னால் இரண்டு பக்கமும் டை ஸ்டாப்பில் முட்டி நிற்கிறது. பின்னால் விரல் அளவு இடைவெளி இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் போட்டால் முதுகு போய்விடாதா?

ராயபுரம் ஸ்பானர்: ரேட்டை இரண்டு மடங்காக்கினாலும் வண்டி ஆடும் வேகம் 1.4 மடங்குதான் ஏறும். முதுகை உடைப்பது ஸ்டாப்பில் விழும் அடி. நம்ம ரோட்டுக்கு 25 மி.மீ.க்கு மேல் இறக்காதே. இறக்குவதற்கென்றே சுற்றிய முழு ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், இரண்டையும் சேர்த்து வாங்கு. பழைய ஷாக் புது ஸ்பிரிங் திருப்பித் தள்ளுவதை அடக்காது, மேடு தாண்டியபின் துள்ளிக்கொண்டே போகும். பின்னால் மட்டும் விறைப்பை ஏற்றினால் முகம் நன்றாகத் திரும்பும், ஆனால் மழையில் வால் வீசும். முன்னும் பின்னும் ஜோடியாகவே எடு.

பெரம்பூர் லோகோ: மாட்டியதும் கொஞ்ச நாள் ஓட்டி, உயரம் அமர்ந்தபின் அலைன்மென்ட் பாருங்க. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருந்தால் டயரின் உள்விளிம்பு தேயும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.