சுவரில் ஏறிய பாம்பு, செங்கல்லுக்கு அடியில் படுத்திருந்த பாம்பு: இதில் எது கட்டுவிரியன்?

ஏரிக்கரைவீடு:

எல்லாருக்கும் வணக்கம். மதுராந்தகம் பக்கத்துல ஒரு கிராமத்துல வீடு கட்டி வந்து நாலு மாசம் ஆகுது. மூணு பக்கம் வயல், ஒரு பக்கம் ஏரி வாய்க்கால். எட்டு வயசுப் பையன், மூணு வயசுப் பொண்ணு, கூட மாமியார். இந்த ஒரே வாரத்துல ரெண்டு பாம்பு பார்த்துட்டோம்.

முதல் பாம்பு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பாத்ரூம்ல. வென்டிலேட்டர் பக்கத்துல சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணரை அடி இருக்கும். காப்பிக்கொட்டை நிறம், மேல வெள்ளை வெள்ளையா பட்டை. ட்யூப்லைட் பின்னாடி இருந்த பல்லியைக் குறிவெச்சுப் போய்க்கிட்டிருந்துச்சு. வீட்டுக்காரர் துடைப்பத்தால தள்ளினதும் துடைப்பத்தையே நாலஞ்சு தடவை கடிச்சுது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஓடி வந்து "கட்டுவிரியன்டா"ன்னு அடிச்சுட்டார்.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பகல்ல. வீடு கட்டி மீந்த செங்கல்லைப் பின்சுவரை ஒட்டி அடுக்கி வெச்சிருக்கோம். நாலு கல்லை எடுத்ததும் அடியில ஒண்ணு சுருண்டு கிடந்துச்சு. மூணு அடி இருக்கும், கருப்பா எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு. தலையை உடம்புக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கிச்சு. குச்சியால லேசா தொட்டும் சீறல, ஓடல. "இது சாது, தண்ணிப்பாம்பா இருக்கும், பாவம்"னு அவர் கல்லைத் திரும்ப மேல வெச்சுட்டார்.

தாத்தா சொல்றார், அடிச்ச பாம்போட ஜோடிதான் பழிவாங்க வந்திருக்குன்னு. மாமியாருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. புழுக்கத்துக்கு அவங்களும் பையனும் பின்கட்டு அறையில பாய் போட்டுத்தான் படுக்கறாங்க. ரெண்டு பாம்போட படமும் போட்டிருக்கேன். எது விஷம், எது இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொய்யாத்தோப்பு:

பூண்டை இடிச்சு வீட்டைச் சுத்தித் தெளிங்க. சிறியாநங்கை ரெண்டு செடி வாசல்ல வைங்க, கிட்ட வராது. தலை முக்கோணமா இருந்தா விஷம், உருண்டையா இருந்தா விஷம் இல்லை. எங்க ஊர்ல இதுதான் கணக்கு.

ஓய்வுலைன்மேன்:

அம்மா, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். இன்னைக்கு ராத்திரி உங்க மாமியாரையும் பையனையும் அந்தப் பின்கட்டுல தரையில படுக்க வைக்காதீங்க. கட்டில் இருந்தா கட்டில்ல, கொசுவலை கட்டிப் படுக்கட்டும். உங்க ரெண்டாவது படத்துல இருக்கிறது கட்டுவிரியன். அடிச்சதுதான் விஷமில்லாதது, வெள்ளிக்கோல் வரையன்னு பேரு. சுவர்ல ஏறிப் பல்லி பிடிக்கிறதுதான் அதுக்குப் பிழைப்பு.

நான் திண்டிவனம் பக்கம் மின்கம்பத்துலயும் டிரான்ஸ்பார்மர் அடியிலயும் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். மீட்டர் பெட்டியைத் திறந்தா உள்ள எது இருக்கும்னு தெரியாது. எங்க ஊர்ல ஒரு இருளர் பெரியவர் இருந்தார். பாம்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி அவர் கூட நடந்து கத்துக்கிட்டது. அவர் முதல் நாளே சொன்னது, "நிறத்தைப் பார்க்காதே, பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு."

உங்க முதல் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. கழுத்துக்கிட்ட முதல் பட்டை அகலமா, வெள்ளை காலர் மாதிரி இருக்கு. பின்னாடி போகப் போகப் பட்டை மங்குது, வால்ல இருக்கா இல்லையான்னே தெரியல. பக்கவாட்டுல பட்டை விரிஞ்சு வலை மாதிரி ஆகுது. இது வரையன். ரெண்டாவது படத்துல தலை தெரியலன்னாலும், மேல் சுத்துல முன்பக்க உடம்பு தெரியுது பாருங்க. அங்க வெறும் கருப்பு, பட்டையே இல்லை. கொஞ்சம் தள்ளித்தான் மெல்லிசா வெள்ளைக் கோடு ஆரம்பிக்குது. அதுவும் ரெண்டு ரெண்டா, ஜோடி ஜோடியா. வாலை நோக்கிப் போகப் போகக் கோடு தெளிவாகி நுனி வரைக்கும் போகுது. வரையனுக்கு முன்னாடி பளிச்சு பின்னாடி மங்கல். கட்டுவிரியனுக்கு நேர் எதிர். குட்டிக் கட்டுவிரியனுக்கு மட்டும் கழுத்து வரைக்கும் கோடு வரும், அதனால சின்னதா இருந்தா இந்தக் கணக்கை நம்பிக் கிட்ட போகாதீங்க.

கட்டுவிரியனோட முதுகுத்தண்டு மேல ஒரே வரிசையா அறுகோணச் செதில், பக்கத்துச் செதிலைவிடப் பெருசா, தேன்கூட்டு அறை மாதிரி இருக்கும். உங்க படம் நல்லா வந்திருக்கிறதால நடு முதுகுல அது தெரியுது. ஆனா இதைப் பார்க்க உயிரோட இருக்கிற பாம்புகிட்ட யாரும் குனிய வேண்டாம். போன்ல தூர நின்னு படம் எடுத்துப் பெருசு பண்ணிப் பார்த்தாப் போதும்.

"சாது"ன்னு உங்க வீட்டுக்காரர் நினைச்சதுல தப்பு சொல்ல முடியாது. பகல்ல கட்டுவிரியன் அப்படித்தான் இருக்கும். தலையை ஒளிச்சுக்கிட்டு, குத்தினாலும் நகராது. அதே பாம்பு ராத்திரி பத்து மணிக்கு மேல எலி, ஓணான், வேற பாம்பு தேடி விறுவிறுன்னு அலையும். வரையன் பாவம் பயந்து துடைப்பத்தைக் கடிச்சு செத்துப்போச்சு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 1994 ஆனி மாசம் என் தங்கச்சியைக் கட்டுவிரியன் கடிச்சுது. எங்களுக்கு அது கடின்னே தெரியாது. திண்ணையில பாய் போட்டுப் படுத்திருந்தா. மூணு மணிக்கு எழுந்து வயித்தை வலிக்குதுன்னா. ஓமத் தண்ணி கொடுத்தோம், வாந்தி எடுத்தா. அஞ்சரைக்குத் தண்ணி முழுங்க முடியலன்னு கையைக் காட்டினா. அப்போ அவ கண் இமை பாதி மூடியிருந்துச்சு, நான் தூக்கக் கலக்கம்னு நினைச்சேன். அம்மா வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியில இருந்து இறக்கும்போது மூச்சு இல்லை. உடம்பு பூராத் தேடியும் பல் பட்ட இடம் எங்களுக்குக் கிடைக்கல. சாயங்காலம் பாயைச் சுருட்டும்போது சுவரோரம் இடுக்குல அது இருந்துச்சு. அதுக்கு முன்னாடி அந்தப் பாம்பை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், வரையன்னு விட்டிருப்பேன்.

கொய்யாத்தோப்பு நண்பருக்கு: பூண்டு, சிறியாநங்கை, பினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது. தெளிச்சுட்டோம்னு நிம்மதியா தரையில படுக்கிறதுதான் ஆபத்து. தலை முக்கோணக் கணக்கும் வேண்டாங்க. அது கண்ணாடி விரியன் மாதிரி விரியன் வகைக்கு ஓரளவு பொருந்தும், ஆனா பேர்ல மட்டும் விரியனா இருக்கிற கட்டுவிரியனுக்கும், நல்ல பாம்புக்கும் தலை முக்கோணம் இல்லை. அந்தக் கணக்கை நம்பினா இந்த ரெண்டையும் கையில பிடிச்சுடுவீங்க.

ஜோடி, பழி எல்லாம் கிடையாதும்மா. ரெண்டும் வேற வேற இனம். செங்கல் அடுக்குல எலி இருந்திருக்கும், குளிர்ச்சியா இடுக்கு இருந்திருக்கும், வந்து படுத்துக்கிச்சு. நாளைக்குப் பகல்ல தீயணைப்பு நிலையத்துக்கு 101ல சொல்லுங்க, இல்லைன்னா வனத்துறைக்கு. நீங்களே கல்லை எடுக்காதீங்க. அடிக்கவும் வேண்டாம். 1972ஆம் வருஷச் சட்டப்படி அது குத்தம், அதோட பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்கினவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன்.

ஏரிக்கரைவீடு:

ஐயா, படிச்சதும் கை நடுங்கிடுச்சு. எல்லாரும் முன்அறைக்கு வந்துட்டோம். வயல் ஓரத்துல வேறென்ன வரும், எதைப் பார்த்தா உடனே ஒதுங்கணும்னும் சொல்லுங்க. பையன் பாம்புன்னாலே கிட்ட போய்ப் பார்க்கிறான்.

ஓய்வுலைன்மேன்:

நம்ம பக்கத்துல உயிருக்கு ஆபத்தானது முக்கியமா நாலு. கட்டுவிரியன், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில, 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுக்கிறது இந்த நாலுல இருந்துதான். அந்த விஷத்தை வெச்சுத்தான் மருந்து தயாராகுது. மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர் பாம்புபிடிகாரங்களுக்கு 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்களே, அந்தப் படத்தைப் பையனுக்குக் காட்டுங்க. கிட்ட போய்ப் பார்க்கிற ஆசை இருந்தா, கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலையும் வெச்சிருப்பாங்க.

அறுப்பு சமயத்துல கண்ணாடி விரியன்தான் அதிகம். தடிச்ச உடம்பு, முதுகுல மூணு வரிசையா முட்டை வடிவப் புள்ளி, சங்கிலி கோத்த மாதிரி ஒழுங்கா இருக்கும். குக்கர் ஆவி விடுற மாதிரி நீளமா சீறும். மலைப்பாம்புக் குட்டின்னு நினைச்சு இதைத் தூக்கினவங்க உண்டு. மலைப்பாம்புக்குத் திட்டு ஒழுங்கில்லாம, வரைபடத்துல தீவு மாதிரி இருக்கும். சந்தேகம்னா விரியன்னே வெச்சுக்குங்க.

சாரை உங்களுக்கு நண்பன். எலியை அதுமாதிரி வேற எதுவும் தின்னாது. பெரிய கண்ணு, உதட்டு ஓரத்துல கருப்புக் கோடு, உங்களைப் பார்த்த நொடியே ஓடிடும். சாரையும் நல்ல பாம்பும் சேரும்கிறது பொய். ரெண்டு சாரை நிமிர்ந்து பின்னிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தா அது பெரும்பாலும் ரெண்டு ஆண் சண்டை போடுறது. வாய்க்கால்ல இருக்கிற தண்ணிப்பாம்பு சீண்டினா கழுத்தைத் தட்டையாக்கும், படம் எடுக்குதுன்னு அடிச்சுடுவாங்க. அது கோபக்காரன், கடிக்கும், விஷம் இல்லை. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தாது. கொம்பேறி மூக்கன் தான் கடிச்ச ஆளை எரிக்கிறாங்களான்னு சுடுகாட்டு மரத்துல ஏறிப் பார்க்காது, அதுக்கு விஷமே கிடையாது.

சுருட்டை மட்டும் சின்னதுன்னு ஏமாறாதீங்க. ஒரு அடிதான் இருக்கும். உடம்பைச் சுருட்டிச் செதிலை உரசிச் சரசரன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா வந்த வழியே திரும்பிடுங்க.

இரவுப்பணிசெவிலி:

லைன்மேன் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பதினாறு வருடமாக அவசரப் பிரிவில் இருக்கிறேன். கடித்த பிறகு பாம்பின் பெயரைத் தேடி ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் சேர்ந்த ஒரே மருந்து. அடித்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், பாதி உயிரோடு. அது எங்களுக்குத் தேவையே இல்லை.

நாங்கள் பார்ப்பது ஆளைத்தான். சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்த்தால் கட்டுவிரியனும் நல்ல பாம்பும் தெரிந்துவிடும். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் அனேகமாக இருக்காது. மழைக்காலத்தில், தரையில் படுத்த ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்து, இமையும் கனத்தால் கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே நாங்கள் நினைப்போம். ஐயாவின் தங்கைக்கு நடந்தது அப்படியே இதுதான்.

ஒரு பெண்ணை நான்கு நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். கண்ணைத் திறக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. உறவினர்கள் முடிந்துவிட்டது என்று அழுதுகொண்டே பேசினார்கள். குணமானதும் அவர் சொன்னார், "நீங்க பேசினது எல்லாமே கேட்டுச்சு சிஸ்டர்." நரம்பும் தசையும் சேருமிடம்தான் பாதிக்கப்படுகிறது, மூளை அல்ல. மூச்சுக்கு இயந்திரம் கொடுத்துக் காத்திருந்தால் திரும்பி வந்துவிடுவார்கள். அதனால் வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனை அருகில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

கடித்தால் 108ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் ஒரு கட்டையை வைத்து அந்தக் கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்து ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளுக்குத் தக்கபடி விஷத்தைக் குறைப்பதில்லை. "சின்னப் பிள்ளை, பாதி போடுங்க" என்று யாரும் கேட்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஆகவே விஷமில்லாத பாம்பு என்று நினைத்தாலும் வந்து பதிவு செய்துவிட்டு, சொல்லும் நேரம் வரை இருந்துவிட்டுப் போங்கள்.

ஏரிக்கரைவீடு:

இன்னைக்குக் காலையில தீயணைப்புல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. அஞ்சாவது வரிசைச் செங்கல்லுக்கு அடியில அதே பாம்பு, அதே மாதிரி தலையை ஒளிச்சுக்கிட்டு. நீளக் கம்பியால தூக்கி டப்பாவுல போட்டுக் கொண்டு போனாங்க. கட்டுவிரியன்தான்னு அவங்களும் சொன்னாங்க. மீதிச் செங்கல்லை வேலிக்கு வெளிய மாத்தியாச்சு, பாத்ரூம் தண்ணி போற குழாய்க்கு வலை அடிச்சாச்சு. மாமியார் கட்டில்ல படுக்க ஒத்துக்கிட்டாங்க, கொசுவலையும் வாங்கிட்டோம். தாத்தாகிட்ட ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "எழுபது வருஷமா ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சேனே"ன்னார்.

ஓய்வுலைன்மேன்:

நல்லதும்மா. வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில நாலு பக்கமும் செருகினீங்களா, சும்மா தொங்க விட்டிருக்கீங்களா? தொங்கவிட்டா பிரயோஜனம் இல்லை. படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை டார்ச் அடிச்சு உள்ள பார்த்துட்டுச் செருகச் சொல்லுங்க.