மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது: காரணத்தை வீட்டிலேயே கண்டறிய முடியுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய கார் எட்டு ஆண்டுப் பழையது. அன்றாடம் ஓட்டும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. ஆனால் மூன்று நாள் எடுக்காமல் வைத்திருந்து சாவியைத் திருப்பினால், ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்கிறதே தவிர இன்ஜின் சுழல்வதில்லை. பேட்டரி போய்விட்டது என்று பணிமனையில் சொன்னதால் நான்கு மாதங்களுக்கு முன்பு புதிது போட்டேன். அதுவும் இப்போது அப்படியே படுத்துவிடுகிறது. அடுத்து, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். என்னிடம் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது, வோல்ட் பார்க்கத் தெரியும். இன்னொரு பாகத்தை மாற்றுவதற்கு முன், மின்சாரம் எங்கே போகிறது என்று நானே அளந்து பார்க்க வழி உண்டா?

பதில் 1

உண்டு. ஸ்டார்ட்டரை இப்போதைக்குத் தொடவேண்டாம். தினமும் ஒழுங்காகச் சுழலும் ஸ்டார்ட்டர், வண்டி நின்ற நாட்களுக்குப் பிறகு மட்டும் கெட்டுப்போவதில்லை.

பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.7-இலிருந்து 14.5 வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. இவை மூன்றும் சரியாக இருந்தால், வண்டி நிற்கும்போது எதுவோ மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அதை அளக்க, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகவேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது. கதவைத் திறந்து வைத்து வேலை செய்வதானால், கதவு விளிம்பில் இருக்கும் பூட்டின் நாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு அரைமணி நேரமாவது காத்திருங்கள், ஏனென்றால் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒவ்வொன்றாகத்தான் உறக்கத்திற்குப் போகும். அதன்பின் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு.

அளந்து முடித்ததும் சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். எனக்கு அப்படி ஒரு மீட்டரின் ஃப்யூஸ் எரிந்திருக்கிறது.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மின்னோட்டம் அதிகமாக இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். திரும்பச் செருகும்போது உறங்கிய கருவி விழித்துக்கொள்வதால் கணக்குக் குழம்பிவிடும். அதைவிட, ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும். ஓடும் ஃப்யூஸில் ஒரு மில்லிவோல்ட்டின் பின்னமாவது தெரியும். மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் எந்த முனையையும் வைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஓய்வில் 12.6, ஸ்டார்ட் செய்யும்போது 10.4, இன்ஜின் ஓடும்போது 13.7 வோல்ட். மின்னோட்டம் முதலில் 2.1 ஆம்பியர் காட்டி, இருபத்தைந்து நிமிடத்தில் 0.38-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. எந்த ஃப்யூஸிலும் மில்லிவோல்ட் தெரியவில்லை. மனம் கேட்காமல் இரண்டு பெட்டிகளிலும் இருந்த சிறிய ஃப்யூஸ்கள் அனைத்தையும் எடுத்தே பார்த்தேன், 0.38 அசையவில்லை.

பதில் 1

இது நல்ல தடயம். 0.38 ஆம்பியர் மூன்று நாளில், அதாவது 72 மணி நேரத்தில், 27 ஆம்பியர்-மணியைத் தாண்டும் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் வரும் அளவு). 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். சிறிய ஃப்யூஸ்கள் வழியாகப் போகாமல் பேட்டரியோடு நேரே சேரும் தடித்த கேபிள்கள் முக்கியமாக இரண்டு: ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றொன்று இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு. என் ஐயம் ஆல்டர்னேட்டர் மீது. மின்சாரத்தை ஒரே திசையில் விடவேண்டிய அதன் டையோடுகள் கசியத் தொடங்கினால், வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து பின்னோக்கி ஓடும். ஓடும்போது சார்ஜ் ஆவது போலவே தெரியும்.

இன்ஜினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் டையோடு பழுது என்று ஐயப்படலாம். இன்ஜின் நின்றிருக்கும்போதே உங்கள் மீட்டர் ஏசியில் பெரிய எண் காட்டினால் இந்தச் சோதனைக்கு அது உதவாது. விலை குறைந்த சில மீட்டர்கள் பேட்டரியின் டிசியையே (நேர்திசை மின்சாரம்) ஏசி என்று காட்டும். அடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிளைக் கழற்றி, அதன் முனையில் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றி, மீண்டும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன். இன்ஜின் நின்றபோது ஏசி பூஜ்யம், ஓடும்போது 0.7. கேபிளைக் கழற்றியதும் மின்னோட்டம் 0.02 ஆம்பியருக்கு விழுந்தது. அந்த எண்ணைக் கண்டபோது நான்கு மாதக் குழப்பம் தீர்ந்தது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் இந்த அளவுகளைக் காட்டினேன். அவர் ஆல்டர்னேட்டரைப் பிரித்து டையோடு தட்டை மட்டும் மாற்றினார். பேட்டரியைச் சார்ஜரில் மெதுவாக ஏற்றியபின் மூன்று நாள் நிறுத்தி வைத்தேன். இன்று காலை 12.5 வோல்ட், முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.