புதுப்பிப்பு: நீராவி ராக்கெட் சுற்றுப்பாதை ஏறிவிட்டது

ஆர்பிட்டர் என்ற விண்பயணக் கணினி விளையாட்டில் நான் செய்த கொதிநீர் ராக்கெட் ஏன் விண்வெளிக்கு ஏறவில்லை என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. நீராவி வெளியேறும் வேகம் நொடிக்கு 490 மீட்டர் என்று வைத்திருந்தேன். பூமியின் தாழ் சுற்றுப்பாதைக்கோ ராக்கெட் நொடிக்குச் சுமார் 9,400 மீட்டர் வேகம் கூட்ட வேண்டும். கணக்குப் போட்டால், தண்ணீரோடு புறப்படும் எடை, தண்ணீரில்லாத வெறும் கலத்தின் எடையைப்போல 20 கோடி மடங்கைத் தாண்டுகிறது!

நுவரெலியா உயரத்திலிருந்து ஏவினால் உதவுமா என்று ஹட்டன் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும், காற்றழுத்தம் குறைவு. தள்ளுவிசை சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

அப்புறம் சனியின் நிலவான என்செலடஸுக்குப் போனேன். அங்கே சுற்றுப்பாதைக்கு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகமே தேவை. கலத்தின் எடையில் பாதிகூட வேண்டாம், அவ்வளவு தண்ணீர் போதும். பனிக்கட்டியோ காலடியிலேயே! நேற்றிரவு வெளியே மூடுபனி; திரையில் ராக்கெட் முழுச் சுற்று முடித்தது. கண் கலங்கிவிட்டது.