யோசெமிட்டியில் முதல் கூடாரம்: புளிக்காய்ச்சலை எங்கே வைப்பது?

உமா_ஃப்ரீமான்ட்:
அடுத்த மாதம் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், அப்பர் பைன்ஸ் முகாமில் இரண்டு இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான், கணவர், ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை (மாமியார்). யாருக்கும் கூடார அனுபவம் கிடையாது. அத்தை இப்போதே புளிக்காய்ச்சல், தட்டை, பருப்புப்பொடி என்று பட்டியல் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினால் போதும் என்கிறார் கணவர். கரடி ஸ்பிரே வேறு வாங்கியிருக்கிறார். இரவில் கூடாரத்தைச் சுற்றி அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாமாம். சரிதானா? மகனுக்கு அணிலுக்குக் கடலை போட ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

மலைப்பாதை_மணி:
உமா, உங்கள் கணவரை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் அப்படித்தான் இருந்தேன்.

அன்று சாப்பாட்டையெல்லாம் முகாமில் இருக்கும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைத்தாயிற்று என்ற திருப்தியில் படுத்தேன். விடிகாலை நாலு மணிக்குத் தகரம் கிழிகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் என் கார்க் கதவின் மேல் சட்டத்தைத் தேங்காய் மட்டை உரிப்பதுபோல் உரித்துப்போட்டுவிட்டு ஒரு கரடி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. கூட்டமாகக் கத்தியதும் நிதானமாக இறங்கிப் போனது. ரேஞ்சர் (பூங்காக் காவலர்) வந்து, "உள்ளே சாப்பாடு இருந்ததா?" என்றார். சத்தியமாக இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் குழந்தை இருக்கையைத் தூக்கிக் காட்டினார். அடியில் பாதி ரஸ்க்.

அதனால் டிக்கியை மறந்துவிடுங்கள். பின்சீட்டைப் பிய்த்துக்கொண்டு டிக்கிக்குள் போகத் தெரிந்த கரடிகள் அவை. இருட்டிய பிறகு காரில் ஒரு துணுக்கு இருக்கக் கூடாது. அபராதம் 5,000 டாலர் வரை போகலாம். முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் பெட்டி உண்டு. எடுக்கிற வேலை முடிந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட வேண்டும், பகலிலும்.

உள்ளே போகவேண்டியது சாப்பாடு மட்டும் இல்லை. மனிதருக்கு மணமாக இருப்பது எல்லாமே கரடிக்குச் சாப்பாடுதான். பற்பசை, சோப்பு, குப்பைப் பை, கழுவாத குக்கர். நம் வீட்டுக் கணக்கில் தேங்காய் எண்ணெய், அமிர்தாஞ்சன், வாசனை விபூதி. அத்தையின் கைப்பையை ஒருமுறை பணிவாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஸ்பிரேயைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். யோசெமிட்டிக்குள் அதற்குத் தடை. யெல்லோஸ்டோன் பூங்காவில் கையில் வைத்திருக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடி இனம் இருக்கிறது. கலிபோர்னியாவில் கிரிஸ்லி 1920களிலேயே ஒழிந்துபோனது, மாநிலக் கொடியில் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே இருப்பது கருங்கரடி. பெயரை நம்பாதீர்கள், பெரும்பாலானவை பழுப்பு நிறம்தான். அப்புறம், அந்த ஸ்பிரே கொசு மருந்து இல்லை. மிளகாய்க் காரம், பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பது. தரையில் அடித்துவைத்தால், காய்ந்த பிறகு அந்த வாடைக்கே கிரிஸ்லி இனத்துப் பழுப்புக் கரடிகள் வந்து புரண்டதை அலாஸ்காவில் பார்த்திருக்கிறார்கள். தாளித்து வைத்து விருந்துக்கு அழைப்பது மாதிரி.

முகாமுக்குள் கரடி வந்தால் எல்லோரும் சேர்ந்து நின்று கத்துங்கள். அத்தையின் தட்டும் கரண்டியும் போதும். மற்றபடி 50 கஜம் தள்ளியே இருங்கள்.

கார்த்தி77:
மணி அண்ணா கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறார். நான்கு தடவை போயிருக்கிறேன், டிக்கியில்தான் வைத்தேன். கரடியின் வாலைக்கூடப் பார்த்ததில்லை.

மலைப்பாதை_மணி:
தம்பி, 1998இல் ஒரே வருடத்தில் அந்தப் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள். பெட்டியும் கெடுபிடியும் கூடிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது. நீங்கள் பார்க்காமல் வந்தது பக்கத்து இடத்துக்காரர்கள் ஒழுங்காகப் பூட்டியதால். யோசெமிட்டியில் கருங்கரடி இதுவரை ஒருவரையும் கொன்றதில்லை. சாவது கரடிதான். ஒருமுறை காரில் ருசி கண்டது திரும்பத் திரும்ப வரும், குட்டிக்கும் கற்றுக்கொடுக்கும், கடைசியில் வேறு வழியில்லாமல் கொன்றுவிடுவார்கள். என் ரஸ்க்கைத் தின்ற கரடி என்ன ஆயிற்று என்று ரேஞ்சரிடம் கேட்க அன்று எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சியாட்டில்_செல்வி:
கரடியை விடுங்கள், யெல்லோஸ்டோன் காட்டெருமையிடம் நம் ஆட்கள் காட்டும் பாசத்தைப் பார்க்க வேண்டும்! போன கோடையில் ஒரு பெரியவர் மனைவியை அதன் பக்கத்தில் நிறுத்தி, "இன்னும் கொஞ்சம் பின்னால போ" என்கிறார். எருமை வாலைத் தூக்கிவிட்டது, அதாவது முட்டப் போகிறது. நான் போட்ட கூச்சலில்தான் அந்த அம்மா ஓடி வந்தார். அது மணிக்கு 35 மைல் ஓடும், நம்மால் முடியுமா? குறைந்தது 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும். 2016இல் ஒரு கன்றுக்குக் குளிருகிறது என்று சுற்றுலாப் பயணிகள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மந்தை அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, கடைசியில் கருணைக் கொலை செய்ய வேண்டியதாயிற்று.

உமா, அணிலுக்குக் கடலை வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் தப்பு, கடிக்கவும் கடிக்கும். அதன் தெள்ளுப்பூச்சி பிளேக் பரப்பும். 2015இல் யோசெமிட்டியில் முகாமிட்ட ஒரு குழந்தைக்கு வந்தது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

உமா_ஃப்ரீமான்ட்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரே கடைக்குத் திரும்பிவிட்டது, கணவர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. மகனிடம் பிளேக் பற்றிச் சொன்னதில் இப்போது எங்கள் வீட்டு வேலியில் ஓடும் அணிலைப் பார்த்தே உள்ளே ஓடுகிறான். அத்தைக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் உயரம் எவ்வளவு, ஊறுகாய் ஜாடி நிமிர்ந்து நிற்குமா என்கிறார். யாருக்காவது தெரியுமா?