1082 மேடம் தேதியிட்ட ஆதாரம் (பத்திரம்), ஒரு ஞானஸ்நானச் சான்று: பூட்டனுக்கு மேலே போக வழி உண்டா?

விளவங்கோட்டுப் பேரன்:
எங்கள் வம்சாவளியைத் தேடுகிறேன். பூட்டன் பெயர் வரை தெரியும். கையில் இருப்பது மலையாளத்தில் எழுதின ஒரு ஒற்றி ஆதாரமும் (அடமானப் பத்திரம், தேதி கொல்லம் ஆண்டு 1082 மேடம்), தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றும். நாங்கள் கத்தோலிக்கர். வம்சாவளி தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயர் போட்டால் ஒன்றும் வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

தோவாளைக்காரி:
தம்பி, நம்ம குமரி மாவட்டத்துக்கு வெறும் பெயரைப் போட்டுத் தேடுவது வீண். பதிவு எந்த ஊர்ப் பெயரில் கிடக்கும் என்று முதலில் முடிவு பண்ணணும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். அதனால் அந்தத் தளத்தின் கேட்டலாக்கில் ஊர் வழியாகத் தேடும்போது தமிழ்நாட்டோடு கேரளா, திருவிதாங்கூர் இரண்டையும் போட்டுப் பாருங்க.

கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) சிங்கத்தில், அதாவது ஆவணியில் பிறக்கும். சிங்கம் முதல் டிசம்பர் கடைசி வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் முடிய 825. மேடம் நம்ம சித்திரை. ஆக உங்க ஆதாரம் 1907 ஏப்ரல்-மே. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறவர்களுக்கு சிங்கம் முதல் டிசம்பர் வரையான தேதிகளில் ஒரு வருஷம் தப்பிவிடும்.

ஆதாரத்தில் தாலுகா, பகுதி (அன்றைய வருவாய்க் கிராமம்), வீட்டுப்பெயர் மூன்றையும் தனியாகக் குறித்து வையுங்க. ஆள் பெயரைவிட வீட்டுப்பெயர்தான் துப்பு. கூகுள் லென்ஸ் முத்திரைத்தாளில் அச்சடித்த மலையாளத்தை வாசிக்கும், கையெழுத்தில் தடுமாறும். பழைய பத்திர எழுத்தர் யாரிடமாவது காட்டுங்க. நடுவில் முன் ஆதாரத்தின் நம்பரும் வருஷமும் சொல்லியிருந்தால் விடாதீங்க, அங்கேதான் அடுத்த தலைமுறை இருக்கும். இவ்வளவு பழையது ஆன்லைன் வில்லங்கத்தில் வராது. பின்பக்கப் பதிவுக் குறிப்பில் இருக்கும் அலுவலகப் பெயர், வால்யம், பக்கம், நம்பரை வைத்து நகலுக்கு மனு போடணும்.

கோட்டாறு வாசி:
ஞானஸ்நானப் பதிவேடு பங்கில் (உங்க ஊர்ப் பங்குக் கோயிலில்) இருக்கும், இணையத்தில் இல்லை. இணையம் எதற்கு என்றால், உங்க பங்கு எந்த வருஷம் தனிப் பங்கானது என்று பார்ப்பதற்கு. அதற்கு முன்னால் அது கிளைப் பங்கு என்றால் பெயர் தாய்ப் பங்கின் ஏட்டில்தான் ஏறியிருக்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது. ஆகவே மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதும்போது எந்தக் காலத்துக்கு எங்கே என்று யோசித்து எழுதுங்க.

பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். அப்பா பெயர் வேற்றுமை ஏற்று வரும்: அந்தோணி 'அந்தோனியுஸ்' என்றில்லாமல் 'அந்தோனீ' என்று முடியும். ஓர ஓரமாக எழுதியிருப்பதையும் படம் எடுங்க. 1908இலிருந்து கல்யாணம் ஆனதும் அந்தத் தேதியையும் பங்கையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கணும் என்று சபைச் சட்டம். பாட்டி எந்த ஊர் என்பது பல குடும்பங்களுக்கு அந்த ஒரு வரியில்தான் கிடைக்கிறது.

நாஞ்சில் வயல்:
இந்தத் திரியைப் பார்க்கிற நாஞ்சில் வெள்ளாளர், நாயர் குடும்பத்தாருக்கு ஒன்று. பழைய ஆதாரத்தில் முதலில் நிற்பவர் அப்பாவாகத்தான் இருக்கணும் என்றில்லை, காரணவரான (தாய்வழிக் குடும்பத் தலைவரான) தாய்மாமனாக இருக்கலாம். இந்தத் தாய்வழிச் சொத்து முறையை மாற்றிய நாயர் சட்டம் 1925, நாஞ்சில் வெள்ளாளர் சட்டம் 1926. அதற்கு முந்தைய தாளில் மருமக்கள் (சகோதரியின் பிள்ளைகள்) என்று வருவோரைப் பிள்ளைகள் என்று வரைபடத்தில் ஏற்றினால் மரமே கோணலாகிவிடும்.

விளவங்கோட்டுப் பேரன்:
நன்றி அக்கா, அண்ணன்மாரே. கிடைத்ததை ஃபேமிலிசர்ச் மரத்தில் ஏற்றலாமா?

தோவாளைக்காரி:
ஏற்றலாம், ஆனால் அது எல்லாருக்கும் பொது மரம், யாரும் திருத்தலாம். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று குறித்துவிட்டால் அவர் விவரம் ஊருக்கே தெரியும். தளமே 'இவர்தான் அவர்' என்று காட்டும்போது அவசரப்பட்டு இணைக்காதீங்க. நம்ம பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் விடுவதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்ப வரும். இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டால் நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும். மனைவி பெயர், வீட்டுப்பெயர் இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் இணையுங்க.

ஆங்கிலத்தில் தேடும்போது 'ஞான' என்பதை ஜி-என், என்-ஜே, என்-ஒய் மூன்று விதமாகவும் போடணும். சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி, பல எழுத்துக்கு நட்சத்திரக்குறி. அப்பா தலைமுறைக்கு 2002 வாக்காளர் பட்டியல் உதவும். அப்போது திருவட்டாறு என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, இன்றைய தொகுதிப் பெயரில் தேடினால் அகப்படாது.