பொய் வாக்குமூலமா, செய்யாக் குற்ற ஒப்புதலா?

வணக்கம். குற்றவியல் உளவியல் சொல்லடைவில் ‘ஃபால்ஸ் கன்ஃபெஷன்’ வந்து முட்டி நிற்கிறது, அதாவது செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒருவர் ஏற்பது. கன்ஃபெஷனுக்கு ‘ஒப்புதல் வாக்குமூலம்’ கோர்ட்டிலும் பத்திரிகையிலும் ஊறிவிட்டது, அதைத் தொட வேண்டாம். முன்னால் ஒரு ‘பொய்’ சேர்த்தால் போதுமா? இன்டரோகேஷன் (போலீஸ் சந்தேக நபரிடம் கேள்வி கேட்பது), ராங்ஃபுல் கன்விக்‌ஷன் (செய்யாதவரைக் குற்றவாளி என்று தீர்ப்பது) இரண்டுக்கும்கூடச் சொல் வேண்டும்.
— மொழிபெயர்ப்பாளர், நாகர்கோவில்

‘பொய்’ ஆகாது. பொய்ச் சாட்சியம் சட்டப்படி தனிக் குற்றம். ‘பொய் வாக்குமூலம்’ என்று அச்சடித்தால், அடி தாங்காமல் தலையாட்டியவன் கோர்ட்டை ஏமாற்ற வந்தவனாகிவிடுகிறான். உள்ளடக்கம் உண்மையில்லை என்பது வேறு, சொன்னவன் பொய்யன் என்பது வேறு.

1985-இல் உளவியலாளர்கள் கேசினும் ரைட்ஸ்மனும் இதை மூன்றாகப் பிரித்தார்கள். யாரும் கேட்காமலே ஒருவன் ஏற்பது முதல் வகை, மகனைக் காப்பாற்ற அப்பன் சரணடைவது போல. செய்யவில்லை என்று தெரிந்தும், இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று ஏற்பது இரண்டாவது. ‘நான்தான் செய்திருப்பேனோ, ஞாபகம் இல்லையோ’ என்று தானே நம்பத் தொடங்குவது மூன்றாவது. மூன்றாம் ஆள் சொல்வது, சொல்லும் நேரத்தில், அவனளவில் பொய்யே அல்ல. ஆகப் ‘பொய்’ என்ற சொல் இந்த மூன்றுக்கும் ஒருசேரப் பொருந்தவில்லை.

‘வரவழைத்த ஒப்புதல்’ என்று யாராவது சொல்வார்கள். அதில் முதல் வகை வெளியே நின்றுவிடும்.
— வக்கீல், தக்கலை

வக்கீல் அண்ணாச்சி சொல்வது சரி. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளப் பத்திரிகைகளில் ‘குற்றசம்மத மொழி’ என்று எழுதுகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்த ராஜ்யம்தானே. ‘மொழி’ நல்ல தமிழ், ஆனால் இன்று அதை எடுத்தால் படிப்பவர்கள் பாஷை என்று எண்ணுவார்கள். வேண்டாம்.

என் முன்மொழிவு: ‘செய்யாக் குற்ற ஒப்புதல்’. செய்யாத குற்றம் என்பதன் ஈறுகெட்ட வடிவம். ஏன் ஒப்புக்கொண்டான், யார் ஒப்புக்கொள்ள வைத்தது என்றெல்லாம் இந்தச் சொல் பேசவில்லை. செய்யவில்லை, ஆனால் ஏற்றான், அவ்வளவுதான். மூன்று வகைக்கும் ‘தானே ஏற்றது’, ‘தாளாமல் ஏற்றது’, ‘நம்பி ஏற்றது’ எனலாம்.

ஒரு இடைச்செருகல். சுசீந்திரம் கோவிலில் கைமுக்கு என்று ஒன்று இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தினார்கள். அங்கே நெய் சாட்சி சொன்னது. இங்கே ஆளின் வாயையே சாட்சி சொல்ல வைக்கிறார்கள், அதனால்தான் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது.
— தமிழாசிரியை, மார்த்தாண்டம்

டீச்சர் சொல் எனக்குச் சம்மதம். ‘தாளாமல் ஏற்றது’ அருமை. இனி சிக்கலான இடத்துக்கு வருகிறேன்: ‘கன்டாமினேஷன்’. குற்றவாளிக்கு மட்டும் தெரிய வேண்டிய விவரம், விசாரிப்பவர் வாயிலிருந்தே சந்தேக நபரின் வாக்குமூலத்துக்குள் போய்ச் சேர்வது. ‘அரிவாளை வாழைத்தோட்டத்துக் கிணற்றில்தானே போட்டாய்?’ என்று கேட்ட நொடியில் அரிவாள், தோட்டம், கிணறு மூன்றும் கைமாறிவிட்டன. மறுநாள் அவன் அதையே திருப்பிச் சொல்வான். ‘செய்யாதவனுக்குக் கிணறு எப்படித் தெரியும்?’ என்று அரசுத் தரப்பு கேட்கும்.

நம் சட்டத்தில் இது பெரிய ஓட்டை. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷ்ய அதிநியத்தில் 23-ஆம் பிரிவாக இருக்கின்றன. ஆனால் பழைய 27 அதே 23-இன் வரம்புரையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது: அவன் சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். புலுக்குரி கோட்டய்யா வழக்கில், பிரிட்டிஷ் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் கோடு போட்டுக் காட்டியது. ஈட்டியை இன்ன இடத்தில் ஒளித்தேன் என்பது செல்லும், ஈட்டியால் குத்தினேன் என்பது செல்லாது. அதனால்தான் ஒவ்வொரு கேஸ் கட்டிலும் ஒரே அச்சு வரி: ‘என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள அரிவாளை எடுத்துக் காட்டுகிறேன்.’ கீழே வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்து. அரிவாள் முதலிலேயே போலீஸ் கையில் இருந்திருந்தால் ‘பொருள் கிடைத்தால்தான் செல்லும்’ என்ற இந்தக் காப்பு முழுக்கப் பொய்த்துவிடும்.

இதற்கு ‘விவரம் ஊட்டல்’ எனலாமா?
— தக்கலை

‘ஊட்டல்’ வேண்டுமென்றே செய்வது. பல நேரம் விசாரிப்பவருக்கே தெரியாமல் விவரம் போய்ச் சேர்ந்துவிடுகிறதே. ‘கசிவு’ என்றால் தற்செயல் மட்டும். ‘விவரக் கலப்பு’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பாலில் தண்ணீர் தானாகவும் கலக்கும், ஆள் ஊற்றியும் கலக்கும்.

கலப்பைக் கண்டுபிடிக்க மொழியே உதவுகிறது. லண்டனில் டிமதி எவன்ஸ் 1949-இல் மனைவியையும் குழந்தையையும் கொன்றதாக ஒப்புக்கொண்டு 1950-இல் தூக்கில் போனார். அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி தொடர்கொலைகாரன் என்று 1953-இல் வெளியே வந்தது. அந்த வாக்குமூலங்களின் நடை ஒரே ஆளுடையதாக இல்லை என்று மொழியியலாளர் ஸ்வார்ட்விக் 1968-இல் காட்டினார். குளச்சல் மீன்பிடிக்காரர் ‘அன்னைக்கு அந்தியில’ என்பார். தாளில் ‘மேற்படி தேதியில் மாலை சுமார் 6.30 மணியளவில் சம்பவ இடத்திற்கு’ என்று இருந்தால் அது எழுத்தரின் வாய்.
— மார்த்தாண்டம்

எழுதாமல் விடுவதற்கும் ஒரு சொல் வேண்டுமே? 1995-இல் காலாவதியான தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில், எஸ்.பி. பதிவுசெய்த ஒப்புதல் செல்லுபடியானது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன் பேட்டரி வாங்கியது பதிவானது. எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைப் பதியவில்லை என, பதிவுசெய்த அதிகாரியே 2013-இல் சொன்னார். இது கலப்பு இல்லை, கழிப்பு.
— நாகர்கோவில்

‘விவரக் கழிப்பு’. நல்ல ஜோடி, இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

இன்டரோகேஷன்: நம் ‘விசாரணை’ இன்வெஸ்டிகேஷன், என்கொயரி, ட்ரயல் என்று எல்லாவற்றுக்கும் ஓடி ஓடி உழைக்கிறது. பத்திரிகையின் ‘கிடுக்கிப்பிடி’ சாகசம் பேசுகிறது. ‘துருவல்’ என்றால் நமக்குத் தேங்காய். ‘காவல் வினவல்’ என்று வைத்து, இரண்டாகப் பிரிக்கலாம். அமெரிக்க ரீட் முறை ‘குற்றஞ்சாட்டும் வினவல்’: மறுக்க விடாமல் வெட்டி, கடைசியில் ‘திட்டம் போட்டுச் செய்தாயா, கோபத்தில் செய்தாயா?’ என்று கேட்பது. எந்தப் பக்கம் தலையாட்டினாலும் மாட்டிக்கொண்டான். இங்கிலாந்து தொண்ணூறுகளில் கொண்டுவந்த பீஸ் முறை ‘தகவல் திரட்டும் வினவல்’: முதலில் அவனைத் தடையில்லாமல் பேசவிட்டு, பிறகே முரண்களைக் கேட்பது.

மாஜிஸ்திரேட் முன் தரும் ஒப்புதலுக்கு வேறு சொல் வேண்டாம், ஆனால் விளக்கக் குறிப்பு வேண்டும். கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும் என்று முதலில் எச்சரிக்க வேண்டும். யோசிக்க 24 மணி நேரமாவது தர வேண்டும் என்றது 1957-இன் சர்வன் சிங் தீர்ப்பு. அந்த 24 மணி நேரத்தை அவன் போலீஸ் காவலில் கழித்தால் எச்சரிக்கை வெறும் சடங்கு. சொல்ல விருப்பமில்லை என்றவனைப் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 183.

ராங்ஃபுல் கன்விக்‌ஷன்: ‘தவறான தண்டனை’ சரியில்லை. கன்விக்‌ஷன் முடிவு, தண்டனை அதன் பின்விளைவு. ‘பிழைக் குற்றத்தீர்ப்பு’ என்று போடுங்கள்.

‘செய்யாக்’ என்பதில் உள்ள ‘க்’கை மட்டும் அச்சுக்காரர் பிழை என்று நினைத்து எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.
— தக்கலை