உதவி: துணி வார் போட்டதிலிருந்து சவரக்கத்தி மழுங்குகிறது, எந்தத் துணி சரி?

புதுக்கத்தி:
மடக்கு சவரக்கத்தி. தோல் வார்ல மட்டும் தீட்டினப்போ நல்லா மழிச்சுது. தோலுக்கு முன்னாடி துணியிலயும் தீட்டணும்னு படிச்சு, ஒரு துணி வார் செஞ்சு மாட்டினேன். இப்போ மயிரை வெட்டாம பிடிச்சு இழுக்குது. லினனா, கித்தானா, சீட் பெல்ட்டா, எதுக்கு மாறலாம்? கொஞ்சம் அவசரம்.

பாவுநூல்:
இப்போ இருக்கிறது என்ன துணி? நீளம், அகலம் எவ்வளவு? தொங்கவிட்டதா, மரத்தில் ஒட்டியதா? துவைத்தீர்களா? மேலே தீட்டும் பசை (கத்தியைத் தேய்க்கும் நுண்தூள் கலந்தது) ஏதாவது பூசினீர்களா? இதெல்லாம் தெரியாமல் மாற்றுத் துணி சொன்னால் அதுவும் இப்படித்தான் ஆகும்.

சீட்பெல்ட் ரசிகன்:
யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, சீட் பெல்ட் பட்டை. பாலியெஸ்டர், நெசவு இறுக்கம், நீளாது, பிசிறு விடாது. ஒரே எச்சரிக்கை: வெட்டின முனையை நெருப்பில் காட்டி உருக்குவோம் இல்லையா, அங்கே கண்ணாடி மாதிரி கெட்டியா ஒரு முண்டு வரும். கத்தி வாய் அதில் பட்டால் பல் விழும். முனையை வளையத்துக்குள் மடித்துத் தைத்துவிடுங்கள்.

லினன்தாசன்:
சீட் பெல்ட் வழவழன்னு இருக்கும், கத்தி சறுக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். லினன்தான் வார். அந்தக் காலத்தில் லினனில் நெய்த தீயணைப்புக் குழாயைப் பிளந்து வார் செய்தார்கள் என்றால் சும்மாவா? இப்போ வரும் குழாய் பாலியெஸ்டர், உள்ளே ரப்பர் பூச்சு, அதை வாங்கி ஏமாறாதீர்கள். கிடைத்த துணி லினனா என்று தெரிய ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனை, மெல்லிய சாம்பல் என்றால் லினனோ பருத்தியோ. உருகி மணியாகத் திரண்டால் செயற்கை நூல். இன்னொன்று, துணியில் உரசும்போது கத்தி சூடேறி வாய் இளகும், அதனால்தான் தோலுக்கு முன்னால் துணி.

சாணைமேதை:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். கூர் கல்லில் வருவது. துணியின் வேலை வாயில் ஒட்டிய சோப்பு, ஈரம், நுண்துரு, சாய்ந்து நிற்கும் பிசிறு இவற்றைத் துடைப்பது. "சூடேறி இளகும்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

லினன்தாசன்:
பதில் இருந்தால்தானே சொல்வதற்கு.

புதுக்கத்தி:
பழைய ஜீன்ஸ் துணி, ரெண்டு மடிப்பா ஓரம் தைச்சது. 45 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். ஒரு முனை கொக்கியில, மறுமுனை கையில. கத்திக்குக் கடிக்கட்டும்னு பச்சைப் பசை பூசியிருக்கேன். துவைக்கல, சுத்தமாத்தான் இருந்துச்சு.

பாவுநூல்:
ஜீன்ஸ் இழுத்தால் நீளுகிற ரகமா? காலின் நீளவாக்கில் வெட்டினீர்களா, குறுக்கேயா?

சாணைமேதை:
சரி, சொல்கிறேன். வாயில் எழும் சூடு அந்த நொடியே முதுகுக்குப் பாய்ந்துவிடும். மழிக்கும் முன் கத்தியை வெந்நீரில் முக்குகிறோமே, துணி கொடுக்கும் சூடு அதற்குப் பக்கத்தில் கூட வராது.

லினன்தாசன்:
வெந்நீர் முழுக் கத்திக்கும் சூடு. உரசல் நுனிக்கு மட்டும். இரண்டும் ஒன்றா?

சாணைமேதை:
வெப்பம் நுனியில் உட்கார்ந்து ஓய்வெடுக்காது.

சீட்பெல்ட் ரசிகன்:
இருவரும் தனி இழை தொடங்குங்களேன்.

புதுக்கத்தி:
குறுக்கேதான் வெட்டினேன், தொடைப் பகுதியைப் பிரிச்சு. நீளவாக்குல முட்டி கிழிஞ்சிருந்துச்சு. இழுத்தா ஒன்றரை, ரெண்டு செ.மீ. நீளுது.

பாவுநூல்:
கோளாறு அங்கேதான். நீளும் ஜீன்ஸில் பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடுவது) வெறும் பருத்தி. ரப்பர் போன்ற எலாஸ்டேன் இழை குறுக்கே ஓடும் ஊடை நூலில்தான் இருக்கும். குறுக்கே வெட்டியதால் அந்த ஊடையே உங்கள் வாரின் நீளமாகிவிட்டது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கத்தி அழுத்தும் இடத்தில் குழியும், கத்தி கடந்ததும் வாய்க்குப் பின்னால் மேலெழும்பும். அந்த எழும்பல்தான் கூர் வாயை உருட்டுகிறது. பசை இல்லாவிட்டால் மெதுவாகக் கெடும். பசையோடு குழியும் துணியில் ஒவ்வொரு இழுப்பும் தேய்மானம், 30 இழுப்பிலேயே வித்தியாசம் தெரியும்.

ஓரத் தையலும் தப்பு. தைத்த கரை நடுவைவிட மேடாக நிற்கும். கத்தியின் அடியும் நுனியும் அதில் ஏறும், நடுவாய் துணியைத் தொடாது.

எனவே துணி மாற்றுவதைவிட அமைப்பை மாற்றுங்கள். சதுர கெஜத்துக்கு 12 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ள கித்தான் (ஏறக்குறைய 400 முதல் 540 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்) போதும். அதைவிட நல்லது தறியிலேயே 7 செ.மீ. அகலத்துக்கு நெய்த பருத்தி நாடா. கரை தானாக அமைந்திருக்கும், தைக்கும் வேலையே இல்லை. கித்தானானால் பாவு வாரின் நீளத்தில் ஓடும்படி வெட்டுங்கள், கரையோரம் பார்த்தால் திசை தெரியும். கோணலாக வெட்டினால் பருத்தியும் நீளும்.

வெட்டுவதற்கு முன்பே துவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். புதுத் துணியில் நெசவுக் கஞ்சி இருக்கும். இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை சோப்பில் அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், மெழுகுப் படலம் தங்கிக் கத்தி வழுக்கும். அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு, இழுத்துக் கட்டிய நிலையில் காயவிடுங்கள்.

லினன்தாசன்:
காய்ந்த பிறகு கட்டி சோப்பை மேலே தேய்த்து, கண்ணாடிப் பாட்டிலை அழுத்தி உருட்டினால் நெசவுப் பள்ளம் நிரம்பி சமமாகும். முடிதிருத்துவோர் செய்துவந்த பழைய முறை.

பாவுநூல்:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சோப்பு லேசாக இருக்கட்டும், உதிரும் அளவுக்கு வேண்டாம்.

சாணைமேதை:
பச்சைப் பசை எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை என்பது ஆச்சரியம். சவரக்கத்திக்கு உரியது 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு. உலோகம் பளபளப்பாக்கும் பச்சைக் கட்டிகள் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், பருமணிகள் வரும். பூசிய துணியைத் தினசரி வாராக வைக்கக் கூடாது. பசைக்குத் தனித் துணி, அதுவும் மரப்பலகையில் ஒட்டியது. பசையில் இழுத்த கத்தியைத் துடைக்காமல் தோலுக்குக் கொண்டுபோனால் தோலும் பசை வாராகிவிடும்.

பாவுநூல்:
சரியான கேள்வி. ஒட்டும்போது கோந்து மெல்லிசாக இருக்கட்டும், துணி வழியே ஊறினால் அங்கங்கே கெட்டித் திட்டு விழும்.

இப்போதுள்ள மழுங்கலுக்கு: விளக்கடியில் வாயை மேல்நோக்கிப் பிடியுங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் உருண்டுவிட்டது. முதலில் பலகைப் பசையில் 10 முதல் 15 இழுப்பு. அதற்கும் மசியவில்லையென்றால் 12000 கிரிட் (மிக நுண்ணிய மணி கொண்ட) சாணைக் கல்லில் நீர் விட்டு, கத்தியின் கனம் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் 15 தடவை. பிறகு பசையில்லாத துணியில் 25, தோலில் 50. முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால். வாரின் முனையில் கத்தியை முதுகின்மேல் புரட்டுங்கள். 7 செ.மீ. வாரைவிடக் கத்தி நீளம் என்றால் குறுக்குச் சாய்வாக இழுத்து வாய் முழுவதும் பட வையுங்கள்.

சீட்பெல்ட் ரசிகன்:
இவ்வளவுக்கும் ஒரு சீட் பெல்ட் போதும்.

லினன்தாசன்:
நுனிச் சூட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

புதுக்கத்தி:
ஜீன்ஸைக் கழட்டியாச்சு. பருத்தி நாடா, ரெண்டு துவையல். பலகையில 15, அப்புறம் துணி, தோல். கன்னம் சரியாயிடுச்சு, தாடைக்குக் கீழ மட்டும் இன்னும் இழுக்குது. நன்றி.

பாவுநூல்:
தாடையில் இழுப்பது கத்தியின் எந்தப் பகுதி, நுனியா அடியா? நுனி என்றால் வாரில் புரட்டும்போது தூக்குகிறீர்கள்.

சாணைமேதை:
பச்சைப் பசை எந்த வகை என்று கடைசிவரை சொல்லவில்லை.